கச்சான் விதைத்த பாத்தியில் எலி: கொல்லாமல் விலக்கி வைக்கும் வழி

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் தெரஸ் வீட்டுப் பின்புறத்தில் ஆறடிக்கு மூன்றடியில் ஒரே ஒரு பாத்திதான். அதில் முதல்முறையாகக் கச்சான், அதாவது நிலக்கடலை, போட்டேன், நாற்பது விதை, ஒவ்வொன்றும் ஒரு விரல்கணு ஆழத்தில். மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தால் வரிசை மாறாமல் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொரு குழியின் ஓரத்திலும் பருப்பின் சிவப்புத் தோல் கிழிந்து கிடந்தது. ஒன்றைக்கூட விடவில்லை. பக்கத்து வீட்டு அங்கிள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "மருந்து வைம்மா, ரெண்டு நாள்ல அடங்கிரும்" என்றார். வைத்தேன். நீல நிற மெழுகுக் கட்டி, கடையில் எல்லாரும் வாங்குவதுதான்.

கட்டி வைத்த ஐந்தாம் நாள் குழாயடியில் ஒரு மூஞ்சூறு கிடந்தது. கிட்டே போனேன், ஓடவில்லை. நீண்ட மூக்கு மட்டும் மெல்ல அசைந்துகொண்டிருந்தது, மூக்கு நுனியில் ஒரு துளி ரத்தம். அது போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. மூஞ்சூறு என் கச்சானைத் தோண்டியிருக்காது, அது கரப்பானும் மண்புழுவும் பிடித்துத் தின்னும் பிராணி. கட்டியைக் கடித்ததோ, கட்டியைக் கடித்த கரப்பானைத் தின்றதோ, தெரியாது. பாத்தியைத் தோண்டிய எலிகளோ அடுத்த வாரமும் வந்தன.

அன்றிலிருந்து நான் மருந்து தொடவில்லை. எலி வருவதைத் தடுக்கக் கொல்லத் தேவையில்லை என்பதை இந்தப் பாத்தியை வைத்தே சொல்கிறேன். புதிதாக வீட்டுத்தோட்டம் போடுகிறவர்கள் கீழே உள்ளதை இதே வரிசையில் செய்தால் காசும் மிச்சம், மனசுக்கும் நிம்மதி. வரிசை முக்கியம், ஏன் என்று போகப் போகப் புரியும்.

முதலில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன்னால் மூன்று நான்கு இரவு சும்மா கவனியுங்கள். செடியைக் கடித்தது எலிதான் என்று நாமாக முடிவு கட்டிவிடுகிறோம், பாதி நேரம் அது நத்தையாக இருக்கும். இலை ஓரத்திலும் மண்ணிலும் காய்ந்த கோந்து மாதிரி பளபளப்பான கோடு ஓடினால் அது நத்தை, கம்பிவலை கட்டிப் பிரயோஜனம் இல்லை. பகலில் பழம் போகிறது என்றால் அணில். நம் ஊர் அணிலுக்கு முதுகில் மூன்று கோடு கிடையாது, வயிறு செம்பட்டையாக, விலாவில் கறுப்பும் வெளுப்புமாக ஒரு பட்டை ஓடும். அதே அளவில், அணில் மாதிரியே, ஆனால் மூக்கு மட்டும் ஊசியாக நீண்ட ஒன்று மரத்தடியில் ஓடினால் அது அணிலே இல்லை, மலாய்க்காரர்கள் துப்பாய் முன்சோங் என்பார்கள், அது வேறு வகைப் பிராணி. பூச்சியும் பழமும் தின்னும்.

ராத்திரி வருகிறவர்களைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு தட்டையான தகரம் அல்லது பழைய பேக்கிங் தட்டு எடுத்துப் பாத்தி ஓரமாக, மழை படாத கூரை இறக்கத்தின் கீழ் வையுங்கள். அதன் மேல் முகப் பவுடரை மெல்லச் சலித்துத் தூவுங்கள். மாவு தூவாதீர்கள், மாவே விருந்தாகிவிடும். காலையில் குனிந்து, கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நேராகப் பிடித்தால் தடம் தெரியாது, பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு விரலும் நிழலோடு எழுந்து தெரியும். எலி, சுண்டெலி, அணில் எல்லாவற்றுக்கும் முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து. மூஞ்சூறுக்கு நான்கு காலிலும் ஐந்தைந்து. முன்காலில் ஐந்து விரல் தெரிந்தால் உங்கள் தோட்டத்துக்கு வருவது பிள்ளையார் வாகனம், அது விதைக்கு வரவில்லை, விதையைக் கெடுக்கும் பூச்சிக்கு வந்திருக்கிறது. விட்டுவிடுங்கள். வாசம் கொஞ்சம் வரும், சுவரோரமாகக் கீச்கீச்சென்று ஓடும், அவ்வளவுதான்.

தடம் எலியுடையது என்றால் புழுக்கையைப் பாருங்கள். அரிசி அளவில், நுனி கூராக இருந்தால் சுண்டெலி. அரை அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் பெரிய எலி. பெரியதிலும் இரண்டு உண்டு. கூரையிலும் மாமரத்திலும் ஏறித் திரிகிற வீட்டெலி, வால் உடம்பைவிட நீளம், காது பெரிது. அடுத்தது லோங்காங்கிலிருந்து, அதாவது சாக்கடையிலிருந்து, வருகிற தடித்த எலி, நாமெல்லாம் பெருச்சாளி என்றே சொல்லிப் பழகிவிட்டோம், அதற்கு வால் உடம்பைவிடக் குட்டை, அது ஏறுவதைவிடத் தோண்டுவதில்தான் கெட்டிக்காரன். இந்த வித்தியாசம் தெரிந்துகொள்வது வெறும் தகவலுக்காக அல்ல. ஏறுகிறவன் வந்தால் பாத்திக்கு மூடி வேண்டும், தோண்டுகிறவன் வந்தால் அடித்தளம் வேண்டும். இரண்டும் வருகிறது என்றால் இரண்டும் வேண்டும்.

சாப்பாடு, தண்ணீர், மறைவு

எலி உங்கள் பாத்தியைத் தேடி வரவில்லை. வேறு எதற்கோ வந்து பாத்தியைக் கண்டுபிடிக்கிறது. எங்கள் வீட்டில் அது எதற்கு வந்தது என்று ஒரு வாரம் சுற்றிப் பார்த்தேன், பெரும்பாலும் நானே வைத்ததுதான்.

முதலாவது, காக்கைக்கு வைக்கிற சோறு. அம்மா காலையில் மதில்மேல் ஒரு கவளம் வைப்பார், காக்கை தின்றது போக மிச்சம் ராத்திரி வரைக்கும் அங்கேயே இருக்கும். வைக்காதீர்கள் என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. வெறும் மதிலில் வைக்காமல் ஒரு சில்வர் தட்டில் வைத்து, பசியாறி முடித்ததும் தட்டை உள்ளே எடுத்து வந்துவிடுகிறோம். வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு துளசி மாடத்தடியில் விடுகிற தேங்காய் மூடி, சுண்டல், வாழைப்பழத்துக்கும் இதே கணக்கு, விளக்கு அணைந்ததும் எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, புண்ணாக்கு. இதை யாரும் யோசிப்பதில்லை. கடலைப் புண்ணாக்கைத் தூளாக்கிச் செடியடியில் தூவினால் எலிக்கு அது கடலைதான். எலும்புத்தூளும் மீன் உரமும் அப்படியே. புண்ணாக்கு போடத்தான் வேண்டுமென்றால் மூடி இறுக்கமான வாளியில் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, தண்ணீர் நிறையச் சேர்த்து நீர்க்கக் கரைத்து ஊற்றுங்கள், மேலாக மண் தள்ளி மூடுங்கள். மூட்டையைச் சாக்கோடு கொட்டகையில் வைக்காதீர்கள், தகர டின்னில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவை ஒரே ராத்திரியில் கடித்து ஓட்டை போட்டுவிடும், அதன் முன்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதால் கடித்துத் தேய்த்துத்தான் ஆக வேண்டும்.

மக்குக் குழியில் சமைத்த சோறு, கறி, எண்ணெய் எதுவும் வேண்டாம். பச்சைக் காய்த்தோலும் இலையும் போதும். விழுந்த மாம்பழம், ஜம்பு, ரம்புத்தான் எல்லாவற்றையும் சாயங்காலமே பொறுக்கிவிடுங்கள். பூனைக்கு வைக்கிற உலர்தீனியை இருட்டுவதற்கு முன் உள்ளே எடுங்கள்.

தண்ணீருக்கு, சொட்டுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுங்கள், தொட்டியடித் தட்டில் தேங்குவதைக் கொட்டுங்கள். ஏடிஸ் கொசுவுக்காக எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான் இது, சுகாதாரத் துறை ஆள் வந்து குடம்பியைக் கண்டால் அபராதம் போடுவார்கள்.

மறைவுதான் எல்லாவற்றிலும் பெரியது. எலிக்குத் திறந்த வெளி என்றால் பயம், சுவரை உரசியபடி, செடிக்கடியில் பதுங்கியபடிதான் நடமாடும். பாத்தியைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு எதுவும் இல்லாமல் வெறுமையாக வையுங்கள், சரளைக்கல் கொட்டினால் இன்னும் நல்லது. என்னுடைய பாத்தியிலிருந்து ஒரு சாண் தள்ளி சேரைக் குத்து (எலுமிச்சைப்புல்) ஒன்று பத்து வருஷமாக வெட்டாமல் பெருத்துக் கிடந்தது. சேரை வாசத்துக்கு எலி வராது என்று நம்பித்தான் அங்கே நட்டிருந்தேன். வெட்டித் தூர் எடுக்கையில் நடுவில் கிழிந்த பிளாஸ்டிக் பை, காய்ந்த இலை, என் பழைய கையுறையின் விரல் ஒன்று எல்லாம் சேர்த்துப் பின்னிய பந்து மாதிரி ஒரு கூடு. காலியாகத்தான் இருந்தது. சேரை வேண்டுமென்றால் பிரித்துப் பிரித்துத் தனித்தனியாக நடுங்கள், அடிப்பகுதியில் வெளிச்சம் விழுகிற மாதிரி. பலகை, ஓடு, பழைய தொட்டிகளை அடுக்கி வைத்திருந்தால் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் சட்டம் போட்டு அதன் மேல் ஏற்றுங்கள். கூரைக்கு மேலே சாய்ந்த மரக்கிளையை மூன்று நான்கு அடி தள்ளி வெட்டுங்கள்.

இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே வருகை பாதியாகக் குறைவதைப் பவுடர் தட்டில் நீங்களே பார்க்கலாம்.

வளையை மூடுவதற்கு முன்

தோட்டத்தில் வளை இருந்தால் உடனே கல்லைப் போட்டு அடைக்கக் கை பரபரக்கும். அவசரப்படாதீர்கள். உள்ளே குட்டிகள் இருக்கலாம். எலி சினையானால் மூன்று வாரத்தில் ஈனும், குட்டிகள் தாமாக இரை தேட இன்னும் மூன்று நான்கு வாரம் ஆகும். தாய் வெளியே போயிருக்கும்போது வாயை அடைத்தால் கண் திறக்காத குட்டிகள் உள்ளேயே பட்டினி கிடந்து சாகும். அது பாவம் என்பது ஒரு பக்கம், செத்து நாறுவது இன்னொரு பக்கம், தாய் எப்படியும் பக்கத்தில் வேறு வளை தோண்டிவிடும் என்பது மூன்றாவது.

செய்ய வேண்டியது இதுதான். செய்தித்தாளை ஒரு தாள் எடுத்துத் தளர்வாகக் கசக்கி வளை வாயில் லேசாகச் செருகுங்கள், இறுக்கி அடைக்க வேண்டாம். மறுநாள் காலை தாள் வெளியே தள்ளப்பட்டிருந்தால் ஆள் இருக்கிறது. அப்படியென்றால் அந்த இடத்தை எலிக்குப் பிடிக்காத இடமாக்குங்கள்: வளையைச் சுற்றியுள்ள புல்லையும் செடியையும் ஒட்ட வெட்டுங்கள், தினமும் அந்தப் பக்கம் நடங்கள், பக்கத்து மண்ணைக் கொத்திக் கிளறுங்கள், வளைக்குள் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள் அல்லவா, தொந்தரவு ஆரம்பித்தால் தாய் தானே குட்டியை ஒவ்வொன்றாக வாயில் கவ்வி வேறிடம் கொண்டு போய்விடும். மீண்டும் தாள் செருகிப் பாருங்கள். தொடர்ந்து மூன்று நாள் தாள் அசையாமல் இருந்தால் உள்ளே யாரும் இல்லை. அப்போது கல்லும் மண்ணும் போட்டு இடித்து, மேலே ஒரு துண்டுக் கம்பிவலையை விரித்து மண் மூடிவிடுங்கள். எனக்கு இதற்குப் பதினோரு நாள் ஆனது.

கம்பிவலை

இனி உண்மையான வேலை. ஹார்ட்வேர் கடையில் 'ஜாரிங் பெசி' என்று மட்டும் கேட்டால் அறுகோணக் கண் போட்ட கோழிக்கூண்டு வலையை வெட்டித் தருவார்கள். அது வேண்டாம். அந்தக் கண் ஓர் அங்குலம் இருக்கும், சுண்டெலி நடந்தே போகும். சுண்டெலி பென்சில் தடிமன் இடைவெளி கிடைத்தால், அதாவது 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் இருந்தாலே, நுழைந்துவிடும். மண்டை நுழைந்தால் உடம்பு நுழைந்த மாதிரி. பெரிய எலிக்கும் அரை அங்குலத்துக்குச் சற்று மேல் இருந்தால் போதும். ஆகவே கால் அங்குலச் சதுரக் கண், துத்தநாகம் பூசியது, கம்பிகள் சேருமிடத்தில் பற்றவைத்தது என்று மூன்றையும் சொல்லிக் கேளுங்கள், கையில் வாங்கி ஒரு பேனாவைக் கண்ணில் விட்டுப் பாருங்கள், அதன் உடல் நுழையக்கூடாது. பிளாஸ்டிக் வலை எந்த விலைக்குக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். எலி கடித்துவிடும், அதோடு சாரைப்பாம்பும் குருவியும் மாட்டிக்கொண்டு விடிய விடியத் துடிக்கும்.

புதுப் பாத்தி என்றால் சுலபம். பலகைச் சட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் வலையை விரித்து, நான்கு பக்கமும் மூன்று அங்குலம் மேலே மடித்து, சட்டத்தின் வெளிப்பக்கத்தில் ஆணியும் வாஷரும் வைத்து ஒரு சாணுக்கு ஒன்றாக அடியுங்கள். ஸ்டேப்பிள் மட்டும் போட்டால் நம் மழைக்கு ஓராண்டில் துருப்பிடித்துக் கழன்றுவிடும். வெட்டிய முனைகள் சவரத் தகடு மாதிரி இருக்கும், தடித்த கையுறை போடுங்கள், முனைகளை உள்பக்கம் மடக்கித் தட்டிவிடுங்கள். அப்புறம் சட்டத்தை நிமிர்த்தி மண் கொட்டுங்கள். தண்ணீர் தாராளமாக வடியும், மண்புழு வந்து போகும். மரவள்ளி, சக்கரவள்ளி போடுவதாக இருந்தால் வலைக்கு மேல் ஓரடிக்குக் குறையாமல் மண் இருக்கட்டும், இல்லாவிட்டால் கிழங்கு வலைக்கண்ணில் இறங்கிச் சிக்கிக்கொள்ளும்.

ஏற்கெனவே மண் நிறைந்த பாத்தியைக் காலி செய்ய முடியாது. அதற்குச் சுற்றிலும் ஓரடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, வலையைச் சட்டத்தில் அடித்துக் கீழே இறக்கி, அடியில் அரையடியை வெளிப்பக்கமாக மடித்துப் படுக்க வையுங்கள். எலி சுவர் ஓரமாகவே நேரே கீழே தோண்டும், வெளியே மடிந்த வலையில் மூக்கு இடித்ததும் நின்றுவிடும், இரண்டு சாண் பின்னால் போய் அங்கிருந்து தோண்டலாம் என்று அதற்குத் தோன்றுவதில்லை. மடிப்பு உள்பக்கமாகப் போய்விட்டால் இந்தப் பலன் இல்லை, இதைப் பலர் தலைகீழாகச் செய்துவிட்டுப் பிறகு வலையைக் குறை சொல்கிறார்கள்.

ஏறுகிறவனுக்கு மூடி. ஒன்றுக்கு இரண்டு அங்குல மரச்சட்டத்தில் அதே வலையை அடித்து, ஒரு பக்கம் கீல், இன்னொரு பக்கம் கொக்கி. செடி வளர இடம் வேண்டும், ஆகவே சட்டத்தின் மேல் இரண்டடி உயரத்துக்கு வலைச்சுவர் எழுப்பி அதன் மேல் மூடி போட்டேன், பார்க்க ஒரு பெரிய முயல்கூண்டு மாதிரி இருக்கும். கீரைக்கும் கங்கோங்குக்கும் கச்சானுக்கும் எப்போதும் மூடியே வைக்கலாம். கத்தரி பூத்துவிட்டால் பகலில் திறந்து வையுங்கள், ஏனென்றால் கத்தரிப் பூவைப் பிடித்து அதிரவைத்துத் தூள் உதிர்க்கிற பெரிய கருவண்டுத் தேனீ கால் அங்குலக் கண்ணில் நுழையாது. காலையில் எட்டு மணிக்குத் திறந்து, இருட்டுவதற்கு முன் மூடுவது எனக்கு இப்போது விளக்கு வைக்கிற மாதிரி ஒரு பழக்கமாகிவிட்டது. பாகலும் பயற்றங்காயும் பந்தலுக்குப் போகும் கொடி, அவற்றைக் கூண்டுக்குள் போடவே வேண்டாம்.

அடுக்குமாடியில் வராந்தாவில் தொட்டி வைத்திருப்பவர்கள் இவ்வளவும் செய்ய வேண்டியதில்லை. தொட்டி வாய்க்கு வட்டமாக வலை வெட்டி, தண்டுக்கு நடுவில் ஒரு பிளவு விட்டு, மண்மேல் படியவைத்தால் சரி.

விதை போடும்போது

எலி செடியைவிட விதையைத்தான் அதிகம் விரும்பும், முக்கியமாகக் கச்சான், சோளம், பயறு, பூசணி, சூரியகாந்தி. ஆகவே இவற்றை நேரே மண்ணில் போடாமல் வீட்டுக்குள் தட்டில் முளைக்கவிட்டு, நான்கு இலை வந்த பிறகு நடுங்கள். அதற்குள் விதையில் இருந்த கொழுப்பும் மாவும் செடிக்குப் போயிருக்கும், தோண்டினாலும் எலிக்கு ஒன்றும் கிடைக்காது. கச்சான் நாற்றை நடுவதில் வேர் அறுந்துபோகும் என்று பயமாக இருந்தால் பழைய செய்தித்தாளைச் சுருட்டிக் குழாய் செய்து அதில் முளைக்கவிட்டுக் குழாயோடு நட்டுவிடுங்கள். நட்ட முதல் பத்து நாளுக்கு ஒவ்வொன்றுக்கும் வலையில் ஒரு சின்ன உருளை செய்து, இரண்டு அங்குலம் மண்ணில் அமிழ்த்தி வைத்தால் போதும். கூண்டு கட்ட முடியாதவர்களுக்கு இதுவே பெரிய உதவி.

செய்யக்கூடாதவை

பசைப்பலகை வேண்டவே வேண்டாம். அதில் ஒட்டிய உயிர் உடனே சாவதில்லை, தோலைக் கிழித்துக்கொண்டு, காலைக் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் கிடக்கும். எலி மட்டும் ஒட்டுவதுமில்லை. பல்லி, குருவிக்குஞ்சு, மூஞ்சூறு, பூனைக்குட்டி எல்லாம் ஒட்டும்.

விஷக்கட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் நீங்களே வைக்கமாட்டீர்கள். புரோடிஃபாக்கூம், புரோமாடியோலோன் போன்றவை உடம்பில் வைட்டமின் கே வேலை செய்யவிடாமல் தடுத்து ரத்தம் உறையாமல் செய்கின்றன. உள்ளுக்குள்ளேயே கசிந்து, சாக நாலைந்து நாள் ஆகும். அந்த நாட்களில் எலி தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும், அதைப் பிடிக்கிற பூனைக்கும் பாம்புக்கும் ஆந்தைக்கும் அதே விஷம் போய்ச் சேரும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பது இதுதான்.

எங்கள் பெரியப்பா நிபோங் திபால் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று வளர்ந்த ஆட்கள்தான் அவர்களும். ஆனால் எண்பதுகளின் கடைசியிலிருந்து தோட்டங்களில் கம்பம் நட்டுக் கூகைக்குப் பெட்டி வைக்க ஆரம்பித்தார்கள், குஞ்சு வைத்திருக்கிற ஒரு சோடிக் கூகை வருஷத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல் பிடிக்கும் என்று கணக்குச் சொல்வார்கள். "எலி மருந்து போட்ட வட்டாரத்துல பெட்டி காலியாயிரும்டா கண்ணு, அதப் பாத்துப் பாத்துத்தான் நாங்க ஆந்தைய கும்பிட ஆரம்பிச்சோம்" என்பார் பெரியப்பா. பினாங்குத் தீவிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஊருக்குள் கூகையைக் கொண்டுவந்து வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். உங்கள் மதில்மேல் ராத்திரி வெள்ளை முகத்தோடு ஒன்று வந்து உட்கார்ந்தால் விரட்டாதீர்கள். பாம்பு வந்தால் நீங்கள் அடிக்கவேண்டாம், 999க்குக் கூப்பிட்டால் தீயணைப்புப் படையான பொம்பாவோ பொதுத் தற்காப்புப் படையோ வந்து பிடித்துக்கொண்டு போவார்கள்.

நாப்தலீன் உருண்டையை மண்ணில் போடச் சொல்பவர்கள் நிறையப் பேர். தின்கிற காய் வளர்கிற மண்ணில் அதைப் போடக்கூடாது. அதோடு நம் நாட்டில் ஜி6பிடி என்கிற நொதி குறைபாடுள்ள பிள்ளைகள் கணிசமாக இருக்கிறார்கள், அதனால்தான் பிறந்த உடனே தொப்புள்கொடி ரத்தத்தில் சோதிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த உருண்டையின் வாசமே ரத்த அணுக்களை உடைத்துவிடலாம். மிளகாய்த்தூள் மழையில் கரையும், கரையாத வரைக்கும் அந்தப் பிராணியின் கண்ணை எரிக்கும். புதினா எண்ணெய் இரண்டு நாள் மணக்கும், பிறகு பழகிவிடும். காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவியும் அப்படித்தான், பழகிவிட்ட எலி அதன் மேலேயே ஏறிப் போகும்.

கூண்டு வைத்துப் பிடிக்கலாமா

கொட்டகைக்குள்ளோ பாத்திக் கூண்டுக்குள்ளோ ஒன்று மாட்டிக்கொண்டு வெளியே போகத் தெரியாமல் இருந்தால் மட்டும் உயிரோடு பிடிக்கும் கூண்டு வையுங்கள். பெரிய எலி புதுப்பொருளைக் கண்டால் நாலைந்து நாள் கிட்டவே வராது, ஆகவே முதல் ஐந்து நாள் கதவைத் திறந்தே கட்டி வைத்து உள்ளே ஒரு துண்டு வறுத்த தேங்காய் மட்டும் வையுங்கள், பழகிய பிறகு பொறியை மாட்டுங்கள். மாட்டிய ராத்திரிக்கு அடுத்த விடியலிலேயே போய்ப் பாருங்கள். நம் வெயிலில் எட்டு மணிக்கு மேல் கம்பிக்கூண்டு அடுப்பு, உள்ளே இருப்பது ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. மேலே ஒரு துணி போட்டு மூடினால் அடங்கிக் கிடக்கும். பிறகு உங்கள் வீட்டு வெளியிலேயே, அது வந்த பக்கமாகவே விட்டுவிட்டு, அது நுழைந்த ஓட்டையை அன்றைக்கே அடையுங்கள். ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் கொண்டுபோய் விடுவது புண்ணியம் மாதிரித் தோன்றும். தெரியாத இடத்தில் வளையும் இரையும் தெரியாமல் அது பெரும்பாலும் செத்துப்போகும், இல்லாவிட்டால் வேறு யார் வீட்டுக்காவது போகும். தண்ணீரில் அமுக்குவது கொடுமை, நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உங்கள் உடம்பு

எலிச்சிறுநீர் பட்ட மண்ணிலும் தண்ணீரிலும் கென்சிங் திக்குஸ் என்கிற எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், கையில் சின்னக் கீறல் இருந்தாலே நுழைந்துவிடும், கண், வாய் வழியாகவும் போகும். 2010இலிருந்து அது மருத்துவர்கள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். கையுறையும் பூட்சும் இல்லாமல் பாத்தியில் இறங்காதீர்கள், முக்கியமாக மழைக்குப் பிறகு. புழுக்கையை வறண்டபடி பெருக்காதீர்கள், ஒரு பங்கு குளோரோக்ஸ் ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, பத்து நிமிஷம் விட்டுத் துடைத்தெடுங்கள். கடித்த காயை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சமைக்காதீர்கள். தோட்ட வேலை செய்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், கிளினிக்கில் மண்ணில் வேலை செய்தேன் என்று நீங்களாகவே சொல்லுங்கள், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கூண்டு கட்டி முடித்துத் திரும்பவும் நாற்பது கச்சான் முளைக்கவிட்டு நட்டேன், முப்பத்தாறு பிழைத்தது. அதற்காக அப்படியே விட்டுவிட முடியாது. செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை பினாங்கில் கொட்டுகிற மழையில் லோங்காங் நிரம்பி எலிகள் மேட்டுக்கு ஏறும், அந்த மாதங்களில்தான் எல்லா ஓட்டையும் சோதிக்கப்படும். பெருமழை விட்ட மறுநாள் காலை பாத்தியை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சட்டத்தின் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், ஆணி ஆடினால் அன்றைக்கே மாற்றுங்கள். மண் அரித்து வலையின் விளிம்பு வெளியே தெரிந்தால் இரண்டு கூடை மண் கொட்டி மிதித்துவிடுங்கள், பவுடர் தட்டை மறுபடியும் கூரை இறக்கத்தில் வையுங்கள்.